ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு ஏடி டயரா, எம்டி டயரா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

வழக்கமாக எனக்கு இன்பாக்ஸில் வருவதெல்லாம் சுகர், பிரஷர், தைராய்டு கேள்விகள்தான். மலைக்கிராம முகாமுக்கு என் ஜீப்பில் போகும் போட்டோவைப் போட்ட நாளிலிருந்து வேறு மாதிரி கேள்விகளும் வர ஆரம்பித்துவிட்டன.

"டாக்டர், வண்டி எடுத்து மூணு வருஷம் ஆச்சு. கம்பெனி டயர் தேய்ஞ்சிடுச்சு. ஏடி போடலாமா, எம்டி போடலாமா?"

போன வாரம் ஒரு நண்பரிடம் போனில், "எம்டி வேண்டாங்க, உங்களுக்கு ஏடி போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஸ்டாஃப் சிஸ்டர், "ஏன் சார் எம்டி வேண்டாங்குறீங்க? வயசு இருக்கு, படிக்கலாமே" என்றார் அக்கறையாக.

சிஸ்டர், அது வேற எம்டி. இது மட் டெரெய்ன்.

தனித்தனியாக பதில் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் டயர் கடைக்காரன் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. மலை ஏறி இறங்கும் அரசு மருத்துவன். அதனால் இந்தக் கேள்வியை எனக்குத் தெரிந்த முறையிலேயே அணுகுகிறேன். முதலில் ஹிஸ்டரி, பிறகு பரிசோதனை, கடைசியில்தான் மருந்துச் சீட்டு.

முதலில் இந்தப் பெயர்கள் என்னவென்று பார்ப்போம்

இந்த வண்டிகளுக்கு மூன்று வகை டயர்கள் உண்டு.

ஹெச்டி என்றால் ஹைவே டெரெய்ன். தார் ரோட்டுக்கானது. பட்டன்கள் நெருக்கமாக இருக்கும். சத்தம் குறைவு, மைலேஜ் நன்றாக இருக்கும்.

எம்டி என்றால் மட் டெரெய்ன். சேற்றுக்கானது. பட்டன்கள் பெரிது பெரிதாக, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். நடுவில் விரலை விட்டால் உள்ளே போகும் அளவுக்குப் பள்ளம்.

ஏடி என்றால் ஆல் டெரெய்ன். இரண்டுக்கும் நடுவில் நிற்பது. தார் ரோடு, ஜல்லி ரோடு, மண் பாதை எல்லாவற்றிலும் ஓரளவு நன்றாக ஓடும். எதிலும் நூற்றுக்கு நூறு வாங்காது.

எம்டி எப்படி வேலை செய்கிறது என்று புரிய பெரிய அறிவியல் வேண்டாம். டிராக்டரின் பின் சக்கரத்தைப் பாருங்கள். பெரிய பெரிய கட்டைகள், இடையில் அகலமான இடைவெளி. கட்டை சேற்றுக்குள் இறங்கிப் பிடிக்கும். இடைவெளிக்குள் புகுந்த சேறு, சக்கரம் சுற்றும்போது வெளியே வீசப்பட்டுவிடும். அடுத்த சுற்றுக்குக் கட்டை மறுபடியும் சுத்தமாக இறங்கும்.

நெருக்கமான பட்டன் உள்ள டயரில் இது நடக்காது. சேறு இடையில் அப்பிக்கொள்ளும். ரெண்டே சுற்றில் டயர் மொழுக்கென்று ஆகிவிடும். பிறகு எவ்வளவு ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் நின்ற இடத்திலேயே சுற்றும்.

சேற்றில் எம்டிதான் ராஜா. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் ஒன்று. சேற்றுழவுக்கு டிராக்டரில் கேஜ் வீல் மாட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். வயலுக்குள் அதை மிஞ்ச எதுவும் இல்லை. அதற்காக அதே கேஜ் வீலோடு டவுனுக்கு யாராவது சினிமாவுக்குப் போவார்களா?

சரி, தார் ரோட்டில் எம்டிக்கு என்ன பிரச்சனை?

இதற்கு ஒரு சின்ன கணக்கு.

உங்கள் வண்டி ஆட்களோடு 1,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 450 கிலோ. டயரில் காற்று 32 பிஎஸ்ஐ. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் இரண்டேகால் கிலோ. 450-ஐ இரண்டேகாலால் வகுத்தால் 200.

அப்படியானால் ஒரு டயர் ரோட்டைத் தொடும் இடம் தோராயமாக 200 சதுர சென்டிமீட்டர்தான்.

எங்களுக்கு தீக்காய நோயாளி வந்தால் எத்தனை சதவீதம் வெந்திருக்கிறது என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பரப்பு, அவர் உடலில் சுமார் 1 சதவீதம். பெரியவர்களுக்கு அது 170 சதுர சென்டிமீட்டர் பக்கம் வரும்.

ஆக, உங்கள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்கும் அந்த வண்டியை ரோட்டோடு பிடித்து வைத்திருப்பது நாலு உள்ளங்கை அளவு ரப்பர். நாலையும் சேர்த்தால் ஒரு ஏ4 பேப்பரைவிடக் கொஞ்சம் பெரிது. அவ்வளவுதான்.

இப்போது அந்த உள்ளங்கைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஹெச்டியில் பெரும்பகுதி ரப்பர். ஏடியில் அதைவிடக் குறைவு. எம்டியில் இன்னும் குறைவு. நிறைய இடத்தை வெற்றுப் பள்ளம் எடுத்துக்கொள்கிறது. சேற்றில் உதவிய அதே பள்ளம், தார் ரோட்டில் ரோட்டைத் தொடாத இடம் ஆகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. நல்ல ஏடி டயரின் பட்டன்களை உற்றுப் பாருங்கள். பிளேடால் கீறியது போல மெல்லிய கீறல்கள் இருக்கும். அதற்கு சைப் என்று பெயர். மழை பெய்த ரோட்டில் படலமாக நிற்கும் தண்ணீரைக் கிழித்து ரப்பர் ரோட்டைத் தொட அந்தக் கீறல்கள்தான் உதவுகின்றன. எம்டியில் இவை குறைவாகவே இருக்கும். சிலவற்றில் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது.

அப்புறம் எம்டியின் பட்டன்கள் உயரமானவை. பிரேக் அடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் அவை நெளியும். ஸ்டீயரிங் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவில் ஒரு தயக்கம் தெரியும். ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இதனால் என்ன ஆகிவிடும் டாக்டர்?

நானும் அதற்குத்தான் வருகிறேன்.

மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறீர்கள். மழை. குறுக்கே ஒருவர் வருகிறார். நீங்கள் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி என்று வைத்தாலும் அதற்குள் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். இது எந்த டயர் போட்டாலும் ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் டயரின் வேலை.

ஈர ரோட்டில் ஒரு டயரின் பிடிப்பு 0.5, இன்னொரு டயரின் பிடிப்பு 0.4 என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். மாடலுக்கு மாடல், ரோட்டுக்கு ரோடு மாறும். ஆனால் கணக்கு மாறாது.

முதல் டயர் 28 மீட்டரில் நிற்கும். இரண்டாவது 35 மீட்டர் எடுத்துக்கொள்ளும்.

"ஏழு மீட்டர்தானே" என்று தோன்றும். இப்படிப் பாருங்கள். முதல் வண்டி முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தில், இரண்டாவது வண்டி இன்னும் 27 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

ஒன்றில் குறுக்கே வந்தவர் திட்டிவிட்டுப் போவார். இன்னொன்றில் அவர் எங்கள் கேஷுவாலிட்டிக்கு வருவார்.

வயதானவர்களுக்கு பாத்ரூமில் வழுக்கி விழுந்தாலே இடுப்பு எலும்பு முறிகிறது. ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி 27 கிலோமீட்டரில் மோதினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?

இந்தக் கேள்வியை நிறைய பேர் கேட்கிறார்கள். இல்லை என்பதுதான் பதில்.

ஃபோர் வீல் டிரைவ் என்பது இஞ்சின் சக்தியை நாலு சக்கரத்துக்கும் அனுப்புவது. அது வண்டியை நகர்த்தத்தான் உதவும். நிறுத்த உதவாது. எல்லா காரிலும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. மாருதி ஆல்டோவுக்கும் அதேதான், தாருக்கும் அதேதான். நிற்கும்போது எல்லோரும் சமம். அங்கே பேசுவது டயர் மட்டுமே.

மஹிந்திரா தார், ஜிம்னி மாதிரி வண்டிகளில் இருப்பது பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ். காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டவே கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் சுற்ற வேண்டும். பார்ட் டைம் சிஸ்டத்தில் அதற்கு வழி இல்லை. கியர்பாக்ஸ் பக்கம் முறுக்கிக்கொள்ளும்.

அப்படியானால் எம்டி யாருக்குத்தான்?

எம்டியை நான் கெட்டது என்று சொல்லவில்லை. சரியான ஆளுக்குக் கொடுத்தால் அதுதான் சரியான மருந்து. நம் ஊர் மண்ணை வைத்தே பார்ப்போம்.

கரிசல் மண்: கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து ஆட்களைக் கேளுங்கள். மழை பெய்தால் கரிசல் மண் செருப்பிலேயே கிலோ கணக்கில் ஒட்டும். காட்டுப் பாதையில் தினமும் அதில் போய் வரும் விவசாயிக்கு எம்டி நியாயமான தேர்வு. ஏடி அங்கே சீக்கிரம் அப்பிக்கொள்ளும்.

தேரி மணல்: தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கத்துச் செம்மணல் தேரியும் கடற்கரை மணலும் வேறு கதை. மணலில் தோண்டக் கூடாது, மிதக்க வேண்டும். எம்டியின் கட்டைகள் மணலைத் தோண்டி வண்டியை உள்ளே இறக்கிவிடும். காற்றைக் குறைத்த ஏடி அங்கே சுலபமாகப் போகும்.

பாறைப் பாதை: கூரான கல் உள்ள இடங்களில் டயரின் சைடுவால்தான் கிழியும். எம்டிக்கு சைடுவால் பெரும்பாலும் தடிமனாகவும் பட்டன் பக்கவாட்டிலும் இறங்கியும் இருக்கும். இது எம்டிக்கு ஒரு பிளஸ். ஆனால் இப்போது சில ஏடி டயர்களிலும் பலமான சைடுவால் வருகிறது. வாங்கும்போது கேளுங்கள்.

பனி: "லடாக் போறேன் டாக்டர், எம்டி போடவா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இறுகிய பனியில் சைப் இல்லாத எம்டி வழுக்கும். டயர் மேல் மூன்று சிகரம், நடுவில் பனித்துளி நட்சத்திரம் போட்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பனிக்கான சோதனையில் தேறியதற்கான அடையாளம் அது. நிறைய ஏடி டயர்களில் கிடைக்கிறது. கண்ணாடி போல உறைந்த ஐஸ் என்றால் எந்த முத்திரையும் போதாது, செயின்தான்.

எஸ்டேட், குவாரி, காட்டுப் பாதை, கரிசல் காடு என்று வாரத்தில் பாதி நாளுக்கு மேல் சேற்றிலேயே கிடப்பவர் என்றால் தயங்காமல் எம்டி போடுங்கள். கூடவே தார் ரோட்டுக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்து ஓட்டவும் தயாராக இருங்கள்.

நான் என்ன போட்டேன்?

இதைச் சொல்லாமல் விட்டால் ஊருக்கு உபதேசம் செய்தது போல ஆகிவிடும்.

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு தார். டயர் மாற்றும் நேரம் வந்தபோது உடனே கடைக்குப் போகவில்லை. டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு போட்டேன். மழை மாதமான நவம்பர் முழுக்க, வண்டி எந்த ரோட்டில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதினேன்.

மொத்தம் 1,180 கிலோமீட்டர்.

தார் ரோடு: 1,040
ஜல்லி ரோடு, கெட்டியான மண் பாதை: 118
உண்மையான சேறு: 22

வருடத்திலேயே மோசமான மாதத்தில், நான் சேற்றில் ஓட்டியது நூற்றுக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை.

நோட்டைக் காட்டியதும் எங்கள் நடமாடும் மருத்துவக் குழு டிரைவர் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. இருபது வருடமாக இதே மலையில் ஓட்டுபவர்.

"சார், கணக்கு சரிதான். ஆனா டாக்டர் வண்டி நடுவழியில நின்னா அது வெறும் வண்டி நின்ன மாதிரி இல்ல. மேல ஒருத்தருக்கு நெஞ்சு வலிச்சுட்டு இருந்தா? ஒரு புள்ளைக்கு வலிப்பு வந்திருந்தா? அந்த ரெண்டு பர்சென்ட்லதானே சார் உசிரு இருக்கு?"

இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் சொன்னது நியாயம். இந்தப் பதிவில் நான் சொன்ன எல்லாவற்றையும்விட கனமான எதிர்வாதம் அதுதான். மாட்டிக்கொண்டால் நேரம்தானே போகும் என்று மற்றவர்கள் சொல்லலாம். எங்கள் தொழிலில் நேரமும் உயிரும் ஒன்றுதான்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரிடம் போனேன்.

"அண்ணே, மேல போறதுல சேறு எவ்வளவு?"

"மூணு கிலோமீட்டர் சார்."

"நோயாளியை ஏத்திக்கிட்டு கீழ வர்றதுல?"

"அதே மூணு. அப்புறம் 36 கிலோமீட்டர் தார் ரோடு."

"மழையில, ராத்திரியில, பின் சீட்ல படுக்க வெச்சுக்கிட்டு, கொண்டை ஊசி வளைவுல இறங்கணும். எதிர்ல லாரி வரும். அங்க எனக்கு எந்த டயர் வேணும்ணே?"

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ஒரு மண்வெட்டியும் நல்ல கயிறும் வாங்கி வண்டியில போட்டுக்கங்க சார்" என்றார்.

வாங்கிப் போட்டேன். நாலு ஏடி டயரும் போட்டேன்.

மாட்டிக்கொண்டது உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. டிசம்பரில் ஒரு நாள், ஊருக்கு ஒன்றரை கிலோமீட்டர் முன்னால் செம்மண் சேற்றில் வண்டி உட்கார்ந்துவிட்டது. எம்டி இருந்திருந்தால் அந்த இடத்தைத் தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். பிபி மெஷின், குளுக்கோமீட்டர், மாத்திரைப் பை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நடந்தோம். முகாம் ஒரு மணி நேரம் தாமதமாக ஆரம்பித்தது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி, "மழ பெஞ்சா எங்க காலே அதுல நிக்காது சாமி. உன் வண்டி எப்படி நிக்கும்?" என்று சொல்லிவிட்டு பிரஷர் பார்க்கக் கையை நீட்டினார்.

அன்று மேலே அவசரம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்கு விலை இருந்திருக்கும். அதைத் தெரிந்தேதான் இந்த டயரைத் தேர்வு செய்தேன். ஒவ்வொரு மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. பக்கவிளைவே இல்லாத மருந்து வேண்டும் என்றால் மருந்தே கிடைக்காது. எந்தப் பக்கவிளைவை என்னால் சமாளிக்க முடியும் என்பதுதான் கேள்வி.

சேற்றில் மாட்டினால் மண்வெட்டி இருக்கிறது, கயிறு இருக்கிறது, ஊர் ஆட்கள் இருக்கிறார்கள், டிராக்டர் இருக்கிறது, என் இரண்டு கால் இருக்கிறது. வளைவில் பிரேக் பிடிக்காமல் போனால் அந்த ஒரு நொடியில் எனக்கு உதவ யாரும் இல்லை.

இப்போது மழை நாட்களில் காலையிலேயே அந்த ஊர் கிராம சுகாதார செவிலியருக்குப் போன் போட்டு பாதை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுகிறேன். மோசம் என்றால் வண்டியைத் தார் ரோடு முடியும் இடத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவிட்டு, மீதி மூணு கிலோமீட்டருக்கு ஊர்க்காரர் ஒருவரின் டிராக்டரில் போகிறேன். அவசரம் என்று தகவல் வந்தாலும் இதே ஏற்பாடுதான்.

டோஸ் முக்கியம்: காற்று

டயருக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்பவர்கள்கூட காசில்லாத இந்த விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்.

மேலே போட்ட கணக்கையே திரும்பப் பாருங்கள். 32 பிஎஸ்ஐயை 16 ஆக்கினால் டயர் தரையைத் தொடும் இடம் தோராயமாக இரண்டு மடங்கு ஆகிவிடும். சைடுவால் விறைப்பால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். டயர் தட்டையாகி, நீளமாகத் தரையில் படுக்கும்.

பொதுவாக, ஜல்லி ரோட்டுக்கு 24 முதல் 26 போதும். குலுக்கலும் குறையும். மணலுக்கு 16 முதல் 18. அதற்கும் கீழே இறக்காதீர்கள், திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம்.

காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் திரும்ப ஏற்ற வேண்டும். காற்று குறைந்த டயர் வேகத்தில் ஓடினால் சைடுவால் மடங்கி மடங்கிச் சூடேறும், வெடிக்கும். அதனால் கையடக்க கம்ப்ரசர் ஒன்றும் பிரஷர் கேஜ் ஒன்றும் வண்டியில் இருக்கட்டும்.

சரியான அளவு எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். பெட்ரோல் பங்க் தம்பி சொல்வது இல்லை, அந்த ஸ்டிக்கர்தான் கணக்கு.

மற்ற பக்கவிளைவுகள்

எம்டியின் சத்தம் சாதாரண விஷயம் இல்லை. வேகம் கூடக் கூட "ஊ..." என்று ஒரு ரீங்காரம் கேபினுக்குள் வரும். கடையில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கும்போது கெத்தாக இருக்கும். நைட் டியூட்டி முடித்து இரண்டு மணி நேரம் ஓட்டும்போது தலைவலி. களைப்பான டிரைவரைப் போல ஆபத்து ரோட்டில் வேறில்லை.

எம்டி கனமும் அதிகம், உருளும்போது இழுவையும் அதிகம். மைலேஜ் குறையும். தார் ரோட்டிலேயே ஓட்டினால் பட்டன்கள் சீக்கிரம் தேயும், சீரில்லாமல் தேயும். தேயத் தேயச் சத்தம் இன்னும் கூடும்.

"பெரிய டயர் போட்டா கம்பீரமா இருக்கும்ல டாக்டர்?" இருக்கும். தாரின் 255/65 ஆர்18 டயருக்கு விட்டம் கிட்டத்தட்ட 79 சென்டிமீட்டர். அதை எடுத்துவிட்டு 33 இஞ்ச் டயர் போட்டால் சுமார் 84. ஸ்பீடோமீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 64-க்குப் பக்கத்தில் போகும். வண்டி உயரும், வளைவில் சாயும். பிரேக்குக்கும் வேலை கூடும். கம்பெனி சொன்ன சைஸிலேயே இருங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஒன்று, தயாரிப்புத் தேதி. மாத்திரை அட்டையில் பார்ப்பது போல இதிலும் பாருங்கள். சைடுவாலில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். டயர் ஓடாமல் சும்மா கிடந்தாலும் ரப்பர் இறுகும். ஐந்து வருடம் தாண்டினால் வருடா வருடம் காட்டிப் பரிசோதியுங்கள். பட்டன் இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வேண்டாம்.

இரண்டு, லோடு எண்ணும் வேக எழுத்தும். சைஸுக்குப் பக்கத்தில் 112 என்று இருந்தால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். க்யூ என்ற எழுத்து 160 கிலோமீட்டர் வரை, எஸ் என்றால் 180 வரை. பழைய டயரில் இருந்ததைவிடக் குறைவானதை வாங்காதீர்கள்.

மூன்று, நாலும் ஒரே மாதிரி. முன்னால் ஏடி, பின்னால் எம்டி என்று கலக்காதீர்கள். ஃபோர் வீல் டிரைவ் போடும்போது நாலு சக்கரமும் ஒரே அளவு இல்லை என்றால் கியர்பாக்ஸ் பக்கம் கோளாறு வரும். ஸ்டெப்னியும் அதே சைஸில் இருப்பது நல்லது.

நான்கு, தேய்மானம். சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. பள்ளத்துக்குள் சின்ன மேடு போல ஒரு அடையாளம் இருக்கும், பட்டன் அதுவரை தேய்ந்துவிட்டால் டயரின் கதை முடிந்தது. மலையில், மழையில் ஓட்டுபவர்கள் அதுவரை காத்திருக்காதீர்கள். 3 மில்லிமீட்டர் வந்ததுமே மாற்றிவிடுங்கள். மொட்டையான ஏடியைவிட, நல்ல நிலையில் உள்ள சாதாரண ஹெச்டி டயர் எவ்வளவோ மேல்.

முடிவாக

பெரும்பாலும் தார் ரோடு, எப்போதாவது மண் பாதை என்றால் ஹெச்டியே போதும். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தார் ரோட்டோடு ஜல்லி, மண் பாதை, மலைப்பாதை அடிக்கடி உண்டு என்றால் ஏடி.

வாரத்தில் பாதி நாளுக்கு மேல் சேறு என்றால் எம்டி.

இதில் நீங்கள் யார் என்பதை ரீல்ஸ் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரீல்ஸில் வண்டி சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வெளியே வருவதைத்தான் காட்டுவார்கள். அந்த வண்டி மழையில் சடன் பிரேக் அடித்து ஒரு ஆட்டுக்குட்டிக்கு முன்னால் நின்றதை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

ஒரு நோட்டும் பேனாவும் வண்டியில் போடுங்கள். முப்பது நாள் எழுதுங்கள். தார் எவ்வளவு, ஜல்லி எவ்வளவு, சேறு எவ்வளவு. முப்பத்தோராவது நாள் டயர் கடைக்குப் போங்கள். அதற்குள் விடை உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பின் சீட்டில் உட்காருபவர்களுக்கும் பெல்ட் உண்டு. அதையும் போடச் சொல்லுங்கள்.



அன்புடன்,
ஒரு அரசு மருத்துவர், எம்பிபிஎஸ்